காலேஜ் ஃபீஸ் பாக்கி நின்றால் முதலில் செய்ய வேண்டியது

மகளின் மூன்றாம் செமஸ்டர் ஃபீஸ், மீன்பிடித் தடைக்காலம் முடிந்த கையோடு வந்தது. கடலூர் முதுநகரில் எனக்கு மீன் வியாபாரம். 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகவில்லை என்றால் கையில் என்ன இருக்கும்? அடுத்த மாதம் பார்க்கலாம் என்று வாயே திறக்காமல் இருந்தேன். அதுதான் தப்பு. முதலில் அபராதம் ஏறியது, பிறகு ஹால் டிக்கெட்டை நிறுத்திவிட்டார்கள். அவள் பெயருக்கு எதிரே சிவப்பு மையில் ‘பாக்கி’ என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டிருந்த நோட்டு இன்னும் கண்ணில் நிற்கிறது.

கடைசித் தேதிக்கு முன்பே முதல்வருக்குக் கடிதம் கொடுங்கள். எவ்வளவு பாக்கி, எந்தெந்தத் தேதியில் எவ்வளவு கட்டுவீர்கள், எல்லாம் எழுதுங்கள். நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் கவுண்டரை விட்டு நகராதீர்கள். வாய்வார்த்தை பரீட்சை அன்று உதவாது. கட்டுகிற ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது வாங்குங்கள்.

அசல் சான்றிதழ்களைச் சேர்க்கையின்போது சரிபார்த்துத் திருப்பித் தர வேண்டும், கல்லூரி வைத்துக்கொள்ளக் கூடாது என்று யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2018இல் அறிவித்திருக்கிறது. பாக்கியைக் காட்டித் தர மறுத்தால் எழுத்தில் கேளுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுங்கள்.

வட்டிக்குக் கடன் கேட்டுத் தண்டல்காரரிடம் மட்டும் போகாதீர்கள். வித்யாலட்சுமி தளத்தில் கல்விக் கடனுக்கு விண்ணப்பியுங்கள். 4 லட்சம் வரை சொத்து அடமானம் கேட்க மாட்டார்கள்.

பிள்ளையைத் தனியாக ஆபீஸுக்கு அனுப்பாதீர்கள். நான் அனுப்பினேன். அன்று ராத்திரி அவள் சாப்பிடவே இல்லை.