தனியாக டொமினிக்கா போவது எப்படி?

கரீபியன் என்றதும் வெள்ளை மணலைத் தேடுபவர்களுக்கு டொமினிக்கா சரிப்படாது. மலை, மழைக்காடு, வெந்நீர் ஊற்று, கறுப்பு மணல், இதுதான் அந்தத் தீவு. தனியாக நடக்கப் பிடிக்குமா? தைரியமாகக் கிளம்புங்கள்.

படி 1: டிக்கெட். பெயர் ஒன்றுபோல இருந்தாலும் டொமினிக்கன் குடியரசு வேறு நாடு. போய்ச் சேரும் இடம் டக்ளஸ்-சார்ல்ஸ் விமான நிலையம்தானா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

படி 2: விசா. இந்திய பாஸ்போர்ட்டுக்கு அங்கே விசா வேண்டாம், வழியிலுள்ள பார்படோஸுக்கும் வேண்டாம். லண்டன் வழியாகப் போனால் சிக்கல் அங்கேதான். விமானம் மாறுவதற்கு மட்டும் இறங்கினாலும் பொதுவாக ட்ரான்சிட் விசா கேட்பார்கள். செல்லுபடியாகும் அமெரிக்க விசா போன்ற சிலவற்றுக்கு விலக்கு உண்டு. டிக்கெட்டுக்கு முன்பே இதை முடித்துவிடுங்கள்.

படி 3: மாதம். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை. ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம். 2017 செப்டம்பரில் மரியா புயல் தீவையே புரட்டிப் போட்டது.

படி 4: தங்குவதும் சுற்றுவதும். முதல் தடவை தலைநகர் ரோஸோவிலோ பக்கத்திலோ தங்குங்கள், பஸ்கள் அங்கிருந்துதான் கிளம்பும். பஸ் என்றால் வேன்தான். நம்பர் பலகை ஹெச் எழுத்தில் தொடங்கும், ஆள் நிரம்பினால் எடுப்பார்கள். ஏறும்போது எல்லோருக்கும் பொதுவாக ஒரு ‘குட் மார்னிங்’ சொல்லுங்கள். சொல்லாமல் உட்கார்ந்தால் மரியாதை தெரியாதவர் என்று நினைப்பார்கள். சொன்னால் இறங்க வேண்டிய இடத்தை அவர்களே காட்டுவார்கள். சாயங்காலம் வண்டி குறையும், ஞாயிறு அநேகமாக இருக்காது. விமான நிலையம் தீவின் மறுகோடியில் இருப்பதால் டாக்ஸியை முன்கூட்டியே பேசி வையுங்கள்.

கையில் சில்லறை வேண்டும். அங்கே புழங்கும் பணம் கிழக்குக் கரீபியன் டாலர், ஒரு அமெரிக்க டாலருக்கு 2.70. சைவம் என்றால் ராஸ்தாஃபாரி என்ற மதத்தினரின் ‘ஐட்டல்’ என்னும் சைவச் சாப்பாட்டுக் கடைகளைக் கேளுங்கள். நம்ம சேப்பங்கிழங்கின் உறவான டாஷீன் அங்கே அன்றாட உணவு.

படி 5: கொதிக்கும் ஏரி. ‘பாய்லிங் லேக்’ போய்வர ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். லோடா கிராமத்துப் பக்கமிருந்து ஏறி, மரமே இல்லாத கந்தகப் பள்ளத்தாக்கைத் தாண்ட வேண்டும். பாறை இடுக்கெல்லாம் ஆவி சீறும். சில இடங்களில் தரை மெல்லிய ஓடுதான், அடியில் கொதிநீர். ஏரியின் நடுவே சாம்பல் நிறத் தண்ணீர் குமுறிக்கொண்டிருக்கும். தனிப் பயணமானாலும் இங்கே மட்டும் வழிகாட்டி இல்லாமல் போகவே போகாதீர்கள். காலையிலேயே கிளம்புங்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று தங்கும் வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.