கிணற்றில் தம் கட்டி முங்குவோர் செய்யும் தவறுகள்

குதிப்பதற்கு முன் வேகவேகமாக இருபது முப்பது முறை மூச்சை இழுத்து விட்டால் கூடுதல் நேரம் தம் கட்டலாம் என்று பலர் நம்புகிறார்கள். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களையே கொல்லும் பழக்கம் இது.

சும்மா உட்கார்ந்திருக்கும்போதே ரத்தத்தின் ஹீமோகுளோபினில் 97, 98 சதவீதம் ஆக்சிஜன் ஏறியிருக்கும். வேகமூச்சால் அதற்கு மேல் சேர்வது சொற்பம். கரியமில வாயுதான் பெருமளவு வெளியேறுகிறது. தம் கட்டும்போது மூச்சு முட்டுவதற்கு முக்கியக் காரணம் இந்தக் கரியமில வாயு கூடுவது. அதை முன்பே வெளியேற்றிவிட்டால், மூச்சு முட்டும் முன்னரே ஆக்சிஜன் தீர்ந்து நினைவு தப்பிவிடும். மேலே நிற்பவர்களோ, ஆள் இன்னும் தம் கட்டியிருக்கிறார் என்றே நினைப்பார்கள்.

ஆழக் கிணற்றில் ஆபத்து இன்னும் கூடும். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப்போல் இரண்டு மடங்கு. நுரையீரலில் மிஞ்சிய ஆக்சிஜன் அந்த அழுத்தத்தால் ரத்தத்தில் ஏறிக்கொண்டிருக்கும். மேலே வரவர அழுத்தம் சரிவதால், கடைசிச் சில மீட்டரில் மயக்கம் வரும்.

முகத்தில் குளிர்ந்த நீர் பட்டதும் இதயத் துடிப்பு குறையும். கைகால் ரத்தக் குழாய்கள் சுருங்கி, ரத்தம் மூளைக்கும் இதயத்துக்கும் ஒதுக்கப்படும். இந்தத் தற்காப்பை நம்பிப் பந்தயம் கட்டாதீர்கள். கைகாலை அடித்து நீந்தினால் தசைகளே ஆக்சிஜனைத் தின்றுவிடும்.

இயல்பாக இரண்டு மூன்று மூச்சு, பிறகு ஆழமாக ஒன்று, அவ்வளவு போதும். மூச்சு முட்டத் தொடங்கியதும் மேலே வாருங்கள். முங்கியிருந்த நேரத்தைப்போல் இரண்டு மடங்காவது இளைப்பாறிய பிறகே அடுத்த முங்கு. இருவரும் சேர்ந்து முங்கக் கூடாது. ஒருவர் மேலிருந்து கவனிக்க வேண்டும்.

மூழ்கியவரைக் கரையேற்றியதும் வயிற்றை அமுக்குவதும் தலைகீழாகச் சுற்றுவதும் ஊர் ஊராக நடக்கின்றன. அப்படிச் செய்தால் வயிற்றில் இருப்பது வாந்தியாகி நுரையீரலுக்குள் போகும். மூளை ஆக்சிஜன் இல்லாமல் தாங்குவது சில நிமிடங்கள்தான்; அதுவும் வீணாகும். மூச்சில்லையென்றால் ஒருவர் 108-ஐ அழைக்கட்டும். மற்றவர் மூக்கைப் பிடித்து, வாயோடு வாய் வைத்து 5 முறை ஊத வேண்டும். அசைவே இல்லையென்றால் பெரியவர்களுக்கு நெஞ்சின் நடுவில் 5 முதல் 6 செ.மீ. இறங்கும்படி, நிமிடத்துக்கு 100 முதல் 120 வேகத்தில் 30 அழுத்தம், பிறகு 2 ஊதல் என்று தொடர வேண்டும். எழுந்து பேசினாலும் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். நுரையீரல் பாதிப்பு சில மணி நேரம் கழித்தும் முற்றக்கூடும்.