வயதான நட்சத்திரத்தை விற்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒவ்வொரு பிப்ரவரியிலும் அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வில் டிரேட் கெடு (அணிகள் வீரர்களை மாற்றிக்கொள்ளக் கடைசி நாள்) நெருங்கும்போது எங்கள் நண்பர் கூட்டத்தில் ஒரு விளையாட்டு நடக்கும். ஆளுக்கு ஓர் அணி. சம்பள வரம்பு, டிராஃப்ட் விதிகள் எல்லாம் நிஜ லீக்கில் இருப்பதுபோலவே. டிராஃப்ட் என்பது ஒவ்வொரு வருடமும் அணிகள் புது இளம் வீரர்களை இரண்டு ரவுண்டாக, வரிசைப்படி தேர்ந்தெடுப்பது; அப்படி ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமைதான் 'பிக்'. தோற்கிற அணிக்கு முன் இடம், ஜெயிக்கிற அணிக்குப் பின் இடம். புதிதாகச் சேரும் தம்பிகள் முதலில் கை வைப்பது, வயதான நட்சத்திரத்தை விற்றுவிட்டு அணியைப் புதிதாகக் கட்டுகிற வேலையில்தான். நாங்கள் ஆரம்பத்தில் செய்த தவறுகளையே அவர்களும் வரிசையாகச் செய்கிறார்கள். காயத்தைப் பார், ஒப்பந்தம் எத்தனை வருடம் என்று பார் என்பதெல்லாம் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மற்றதைச் சொல்கிறேன்.

அடுத்த வருட பிக்கைக் கேட்டு வாங்குவது

எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு எரிச்சல் அடங்காத தவறு இது.

போன முறை ஒரு தம்பி 35 வயது நட்சத்திரத்தை விற்றான். பதிலுக்கு இரண்டு இளம் வீரர்கள், வாங்கும் அணியின் அடுத்த வருட முதல் ரவுண்ட் பிக். அந்த பிக் முதல் 10 இடங்களுக்குள் விழுந்தால் தர மாட்டோம் என்று ஒரு நிபந்தனை வேறு. "நல்ல விலைதானே அண்ணா?" என்று கேட்டான். அந்தத் தாளை நான் அவன் முன்னால் விரித்து வைத்து, ஒவ்வொரு வரியாகக் கேட்டேன். நீ கொடுக்கிற ஆளால் அடுத்த வருடம் அந்த அணி பலமாகுமா, பலவீனமாகுமா? பலமாகும். ஜெயிக்கிற அணியின் பிக் எங்கே விழும்? 20க்கு அப்புறம். அப்படியானால் அவர்கள் உச்சத்தில் இருக்கப்போகிற வருடத்தின் பிக்கை எதற்கு வாங்குகிறாய்? ஒருவேளை அந்த அணி சரிந்தால் உனக்கு லாபம் வர வேண்டும். அந்த ஒரு வழியையும் நிபந்தனை போட்டு நீயே அடைத்துக் கொடுத்திருக்கிறாய்.

வயதான நட்சத்திரத்தை வாங்குகிற அணி, தன் எதிர்காலத்தை இன்றைக்குச் செலவழிக்கிறது. அந்த எதிர்காலம்தான் நமக்கு வேண்டியது. மூன்று, நான்கு, ஐந்து வருடம் தள்ளி, நிபந்தனை எதுவும் இல்லாமல்.

இதற்கு பாஸ்டனைவிடத் தெளிவான பாடம் கிடையாது. 2013இல் பாஸ்டன் செல்டிக்ஸ் அணி 37 வயது கெவின் கார்னெட், 35 வயது பால் பியர்ஸ், கூடவே ஜேசன் டெர்ரியை புரூக்ளின் நெட்ஸுக்கு அனுப்பியது. பியர்ஸ் 15 சீசன் பாஸ்டனிலேயே ஆடியவர். ரசிகர்களுக்கு அது எவ்வளவு வலித்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பதிலுக்கு வந்தவை 2014, 2016, 2018 முதல் ரவுண்ட் பிக்குகள், 2017இல் இரு அணிகளின் பிக்கையும் மாற்றிக்கொள்ளும் ஸ்வாப் உரிமை. அடுத்தடுத்த இரண்டு வருடங்களுக்கு முதல் ரவுண்ட் பிக்கே இல்லாதபடி ஓர் அணி தன் பிக்குகளை விற்கக்கூடாது என்று லீக்கில் விதி இருக்கிறது. அதனால்தான் ஒரு வருடம் விட்டு ஒரு வருடம் பிக், நடுவில் ஸ்வாப்.

இப்போது ஒவ்வொன்றும் எங்கே விழுந்தது என்று பாருங்கள். 2013-14 சீசனில் நெட்ஸ் 44 ஆட்டங்கள் ஜெயித்து பிளேஆஃபில் (கோப்பைக்கான கடைசிக் கட்டத்தில்) இரண்டாம் சுற்று வரை போனது. அந்த வருட பிக் 17ஆவது இடம். வந்த வீரர் நிலைக்கவில்லை. அப்புறம் பியர்ஸ் வாஷிங்டன் போனார், கார்னெட் மினசோட்டா திரும்பினார், நெட்ஸ் சரிந்தது. 2016 பிக் 3ஆவது இடம்: ஜேலன் பிரவுன். 2017இல் லாட்டரியில் (முதல் சில பிக்குகள் யாருக்கு என்று முடிவு செய்யும் குலுக்கலில்) முதல் இடமே கிடைத்தது. பாஸ்டன் அதை ஃபிலடெல்ஃபியாவிடம் கொடுத்து, 3ஆவது இடத்தையும் இன்னொரு முதல் ரவுண்ட் பிக்கையும் வாங்கிக்கொண்டு ஜேசன் டேட்டமை எடுத்தது. 2018 பிக்கை கைரி இர்விங்கை வாங்கக் கொடுத்தார்கள். அது 8ஆவது இடத்தில் விழுந்தது. பிரவுனும் டேட்டமும் 2024இல் கோப்பை ஜெயித்தார்கள்.

நான்கில் எது வீணானது? பக்கத்து வருட பிக். எங்கள் தம்பி கேட்டு வாங்கியதும் அதே மாதிரி பிக்தான்.

ஃபீனிக்ஸ் கதையும் இதேதான். 2023 பிப்ரவரியில் கெவின் டுரான்டை வாங்க மிகல் பிரிட்ஜஸ், கேம் ஜான்சன், நிபந்தனையில்லாத நான்கு முதல் ரவுண்ட் பிக்குகள், ஒரு ஸ்வாப் கொடுத்தார்கள். 2023 பிக் 20க்கு அப்புறம்தான் விழுந்தது. 2024-25இல் அணி 36 ஆட்டம் மட்டுமே ஜெயிக்க, 2025 பிக் 10ஆவது இடத்துக்கு ஏறியது. அதற்குள் அது ஹூஸ்டன் கைக்குப் போயிருந்தது. அந்த 10ஆவது பிக்கைத் திரும்ப வாங்க ஃபீனிக்ஸ் யாரைக் கொடுத்தது தெரியுமா? டுரான்டைத்தான். இந்த முறை ஜேலன் கிரீன், டில்லன் புரூக்ஸ், தன்னுடைய பழைய பிக், சில இரண்டாம் ரவுண்ட் பிக்குகள் — அவ்வளவுதான் விலை.

தோற்றால்தான் கட்ட முடியும் என்று நம்புவது

இன்னொருவர் பிக் நம் கையில் இருந்தால் நாம் தோற்க வேண்டிய அவசியமே இல்லை. 2016-17இல் பாஸ்டன் 53 ஆட்டம் ஜெயித்து கிழக்குப் பிரிவில் முதலிடம் பிடித்தது. அதே வருடம் லாட்டரியில் முதல் பிக்கும் அவர்களுக்கே. இளம் ரசிகர்களிடம் இதைச் சொன்னால் நம்பவே மாட்டேன் என்கிறார்கள்.

சொந்தத் தோல்வியை மட்டும் நம்பினால் என்ன ஆகும்? 2019இல் வந்த லாட்டரி விதிப்படி கடைசி மூன்று அணிகளுக்கும் முதல் பிக் வாய்ப்பு தலா 14 சதவீதம்தான். கடைசி இடம் வந்த அணி 5ஆவது பிக் வரை இறங்கலாம். டெட்ராய்ட் 2023இல் அப்படி இறங்கியது, 2024இல் மறுபடியும் இறங்கியது. 2025இல் அதே கதி யூட்டாவுக்கு. அந்த வருடம் முதல் பிக் போனது 1.8 சதவீத வாய்ப்பு வைத்திருந்த டாலஸுக்கு.

லேக்கர்ஸை உதாரணம் காட்டுவது

"லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸில் கோபியை வைத்துக்கொண்டார்கள், ஒன்றும் கெட்டுப்போகவில்லையே" என்பார்கள். 2013 ஏப்ரலில் குதிகால் தசைநார் அறுந்த கோபி பிரையன்டுக்கு, அவர் திரும்பி வந்து ஓர் ஆட்டம்கூட ஆடுவதற்கு முன், நவம்பரில் 2 வருடத்துக்கு 4.85 கோடி டாலர் ஒப்பந்தம் கொடுத்தார்கள். அந்த சீசனில் அவர் ஆடியது 6 ஆட்டம். அணியின் வெற்றிகள் சீசனுக்குச் சீசன் 27, 21, 17 என்று இறங்கின. கடைசி ஆட்டத்தில் அவர் அடித்த 60 புள்ளிகளை நானும் கொண்டாடினேன்; அவர் அந்த அணிக்குச் செய்ததற்கு எந்தத் தொகையும் தகும். ஆனால் 2018இல் லெப்ரான் ஜேம்ஸ் தானாகவே வந்து கையெழுத்துப் போட்டது அது லாஸ் ஏஞ்சலஸ் என்பதால். சின்ன ஊர் அணிக்கு அப்படி யாரும் வர மாட்டார்கள்.

மூத்தவர்கள் எல்லோரையும் துடைத்தெடுப்பது

2019இல் தன் நட்சத்திரம் ரஸ்ஸல் வெஸ்ட்புரூக்கை ஹூஸ்டனுக்கு விற்றபோது ஓக்லஹோமா சிட்டிக்கு 34 வயது கிறிஸ் பால் வந்து சேர்ந்தார். பெரிய சம்பளம், இறங்குமுகம் என்று எல்லோரும் எழுதினார்கள். அவர்கள் அவரை ஒரு சீசன் முழுக்க ஆட விட்டார்கள். அணி பிளேஆஃப் போனது. இளம் ஷை கில்ஜியஸ்-அலெக்சாண்டர் அவர் பக்கத்தில் ஆடிப் பழகினார். மறுவருடம் பாலை ஃபீனிக்ஸுக்கு விற்றபோது முதல் ரவுண்ட் பிக்கும் வந்தது. 2025 கோப்பை ஷையின் கையில். மூத்தவர் ஒருவர் இல்லாத உடைமாற்றும் அறையில் 19 வயதுப் பையன்கள் தோற்கப் பழகுவார்கள்.

நோ-டிரேட் உரிமை கொடுப்பது

வீரர் சம்மதிக்காமல் அவரை விற்க முடியாது என்கிற உரிமை இது. கொடுக்காதீர்கள். வாஷிங்டன் பிராட்லி பீலுக்குக் கொடுத்தது. 2023இல் அவரை அனுப்பியபோது நேரடியாக ஒரு முதல் ரவுண்ட் பிக்கூட வரவில்லை.

இரண்டு படகில் கால் வைப்பது

மூத்தவர்களை வைத்து ஜெயித்துக்கொண்டே இளைஞர்களையும் வளர்க்க வாரியர்ஸ் முயன்றது. 2020இல் இரண்டாவது பிக்காக வந்த ஜேம்ஸ் வைஸ்மன் மூன்று வருடம்கூட நிற்கவில்லை.

வயதை மட்டும் பார்த்து விற்பது

2011இல் மேற்குப் பிரிவில் முதலிடத்தில் இருந்த சான் ஆன்டோனியோ, முதல் சுற்றிலேயே 8ஆவது இடத்து மெம்ஃபிஸிடம் தோற்றது. டிம் டங்கனுக்கு 35 வயது. எங்கள் விளையாட்டில் இருந்திருந்தால் அன்றைக்கே விற்றிருப்பார்கள். ஆனால் சான் ஆன்டோனியோ விற்றது 25 வயது ஜார்ஜ் ஹில்லை. வந்தது கவாய் லெனர்ட். அடுத்த வருடம் டங்கன் தன் சம்பளத்தைப் பாதிக்கும் கீழே குறைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். மிச்சமான பணத்தில் சுற்றியிருந்தவர்களை வைத்துக்கொள்ள முடிந்தது. 2014இல் கோப்பை, 22 வயது லெனர்ட் ஃபைனல்ஸ் எம்.வி.பி. (இறுதித் தொடரின் சிறந்த வீரர்). ஆகவே விலை பேசப் போகும் முன், உங்கள் நட்சத்திரம் எவ்வளவு சம்பளத்துக்கு இருக்கச் சம்மதிப்பார் என்று அவரிடமே முதலில் கேளுங்கள்.