நல்ல தளம் கிடைத்தால் செய்தவரைத் தேடுங்கள்

வலைப்பதிவில் பகிரப் புதுமையான தளங்கள் வேண்டுமா? பிடித்த தளம் ஒன்று கிடைத்ததும் அதைச் செய்தவர் யார் என்று பாருங்கள். பெரும்பாலும் பக்கத்தின் அடியிலேயே பெயர் இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு போனால் அவருடைய மற்ற படைப்புகளும் கிடைத்துவிடும்.

நீல் அகர்வால் செய்த 'தி டீப் சீ' பக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். திரையைக் கீழே உருட்ட உருட்டக் கடலுக்குள் இறங்கிக்கொண்டே இருப்போம். எந்த ஆழத்தில் எந்த உயிரினம் என்று ஒவ்வொன்றாக வரும். போகப்போகப் பக்கமே இருட்டிவிடும். 10,000 மீட்டரையும் தாண்டிப் போகலாம். பிள்ளைகளை மடியில் உட்கார வைத்துக்கொண்டு பார்க்க அவ்வளவு அருமையாக இருக்கும்! அவருடைய நீல்.ஃபன் தளத்தில் இதுபோல இன்னும் நிறைய இருக்கின்றன.

அப்புறம், மார்ஜினாலியா என்றொரு தேடுபொறி. சுவீடனில் உருவானது. விளம்பரம் மண்டிய பெரிய தளங்களைப் பின்னுக்குத் தள்ளி, தனி ஆட்கள் ஆசையாக எழுதும் சின்னத் தளங்களை முன்னால் காட்டும். ஆங்கிலத்தில் தேடிப் பாருங்கள். 'பழைய கடிகாரம் பழுதுபார்ப்பது' என்பதுபோலக் குறுகிய தலைப்பாகக் கொடுத்தால் நல்லது.

கிடைத்ததை உடனே புக்மார்க் செய்து, ஏன் பிடித்தது என்று பக்கத்தில் ஒரு வரி எழுதிவையுங்கள். பதிவை அந்த வரியிலிருந்தே தொடங்கிவிடலாம்.