யூதக் கல்லறைக் கல்லை வாசிப்பது எப்படி

ஐரோப்பாவின் பல ஊர்களில் யூதர்கள் வாழ்ந்ததற்கு இன்று எஞ்சியிருக்கும் ஒரே சாட்சி அவர்களது கல்லறைத் தோட்டம்தான். தொழுகைக்கூடம் எரிக்கப்பட்டிருக்கும், சமூகத்தின் பதிவேடுகள் அழிந்திருக்கும், நாஜிகளின் கொலையிலிருந்து தப்பியவர்களின் பிள்ளைகள் கண்டம் கடந்து போயிருப்பார்கள். ஊருக்கு வெளியே மரங்களுக்கிடையில் சாய்ந்து நிற்கும் கற்களில் மட்டும் பெயர்கள் இருக்கும். அந்தப் பெயர்களைப் படிக்க எபிரேயப் புலமை தேவையில்லை. கல்லறை வாசகங்கள் பல நூற்றாண்டுகளாகப் பெரும்பாலும் ஒரே அமைப்பில் எழுதப்பட்டு வருவதால், 22 எழுத்துகளும் பத்துப் பதினைந்து சொற்களும் சிறிது கூட்டல் கணக்கும் தெரிந்த எவரும் இறந்தவரின் பெயர், தந்தை பெயர், இறந்த நாள் ஆகிய மூன்றையும் கண்டுபிடித்துவிடலாம்.

உள்ளே போவதற்கு முன் சில நடைமுறைகளை அறிந்துகொள்ள வேண்டும். ஓய்வுநாளான ஷபாத்திலும் பெருவிழா நாட்களிலும் கல்லறைக்குச் செல்வதில்லை. ஆண்கள் தலையை மூடிக்கொள்வது மரபு. தொப்பியோ கைக்குட்டையோ போதும். கல்லறையின் மேல் மிதிக்கக் கூடாது. பூக்களைவிடச் சிறு கூழாங்கல் ஒன்றைக் கல்லின் மேல் வைத்துவிட்டு வருவதே அவர்களது பழைய வழக்கம். வெளியே வந்ததும் கை கழுவுவார்கள்.

வாசிப்பின் முதல் வேலை வெளிச்சத்தைச் சரிசெய்வது. நேர் வெயிலில் தட்டையாகத் தெரியும் கல்லில், காலையிலோ மாலையிலோ பக்கவாட்டில் சாய்ந்து விழும் ஒளி பட்டால் எழுத்துகளின் பள்ளங்களில் நிழல் சேர்ந்து அவை எழுந்து நிற்கும். நடுப்பகலில்தான் போக முடிந்தது என்றால், ஒரு கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு சூரிய ஒளியைக் கல்லின் ஓரத்திலிருந்து திருப்பி விடலாம். பாசியை அகற்ற வேண்டுமென்றால் தண்ணீரும் மென்மையான தூரிகையும் மட்டுமே போதும், அதுவும் கல் உதிராமல் உறுதியாக இருந்தால்தான். சுண்ணக்கட்டி தேய்ப்பது, சவர நுரை பூசுவது, கம்பித் தூரிகையால் உரசுவது ஆகிய அனைத்தும் கல்லை அரித்துவிடும். ஒருமுறை உதிர்ந்த எழுத்தை யாராலும் மீட்க முடியாது. எனவே வாசிக்க முடியாமல் திரும்புவதே கல்லைக் கெடுத்து வாசிப்பதைவிட மேல் என்பதில் எனக்கு ஐயமில்லை.

எபிரேயம் வலமிருந்து இடமாகச் செல்லும். எழுத்து அட்டவணை ஒன்றை அச்சிட்டு எடுத்துச் செல்லுங்கள். தமிழ் வேதாகமத்தில் 119-ஆம் சங்கீதத்தின் பகுதிகளுக்குத் தலைப்பாக நிற்கும் ஆலெப், பேத், கிமெல் ஆகியவை இந்த எழுத்துகளின் பெயர்களே. யூதர்கள் கல்லறையருகே நின்று, இறந்தவரின் பெயரிலுள்ள எழுத்துகளுக்குரிய பகுதிகளை அதே சங்கீதத்திலிருந்து எடுத்து ஓதுவதும் உண்டு.

கல்லின் உச்சியையும் அடியையும் முதலில் பாருங்கள், ஏனெனில் அவை பெரும்பாலும் மாறாதவை. உச்சியில் பே, நூன் என்ற இரண்டு எழுத்துகள் தனியாக இருக்கும். 'இங்கே அடக்கம் செய்யப்பட்டிருப்பவர்' என்பதன் சுருக்கம் அது. கடைசி வரியில் தாவ், நூன், சாதே, பேத், ஹே என்ற ஐந்து எழுத்துகள் இருக்கும். 'அவரது ஆன்மா உயிர்க்கட்டில் சேர்த்துக் கட்டப்பட்டிருப்பதாக' என்று 1 சாமுவேல் 25:29-ஐத் தழுவி எழுந்த வேண்டுதலின் முதலெழுத்துகள் அவை. சுருக்கங்களை அடையாளம் காண, கடைசி எழுத்துக்கு முன் இரண்டு சிறு கோடுகளோ எழுத்துகளின் மேல் புள்ளிகளோ இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இந்த இரண்டு தொடர்களையும் கண்டுபிடித்துவிட்டால் கல்லின் மேலும் கீழும் எதுவும் உடைந்து போகவில்லை என்பது உறுதியாகும். மேலும் அந்தச் சிற்பி ஒவ்வோர் எழுத்தையும் எப்படி வெட்டினார் என்பதற்கு ஆறு வெவ்வேறு எழுத்துகள் கொண்ட மாதிரி ஒன்றும் உங்கள் கையில் இருக்கும்.

பெயர்

அடுத்து, பேத்-நூன் சேர்ந்த 'பென்' என்ற சொல்லையோ பேத்-தாவ் சேர்ந்த 'பத்' என்ற சொல்லையோ தேடுங்கள். முன்னது 'மகன்', பின்னது 'மகள்'. அதற்கு முன் இருப்பது இறந்தவரின் பெயர். பின் இருப்பது தந்தையின் பெயர். குடும்பப் பெயர் பல பழைய கற்களில் இருக்கவே இருக்காது. ஒரு கல் இரண்டு தலைமுறைகளைச் சொல்கிறது என்பதால், குடும்ப வரலாறு தேடுபவர்களுக்கு அரசாங்கப் பதிவேட்டைவிட இது பலமுறை கூடுதலாக உதவும். பெயருக்கு முன் ரேஷ் என்ற ஒற்றை எழுத்து இருந்தால் அவரை ரபீ, அதாவது யூத சமய ஆசான், என்று உடனே முடிவுசெய்துவிடக் கூடாது; பெரும்பாலும் அது 'திரு' என்பது போன்ற மரியாதைச் சொல் மட்டுமே. தந்தை பெயருக்குப் பின் ஸயின்-லாமெத் என்ற சுருக்கம் இருந்தால், கல் நாட்டப்பட்டபோது தந்தையும் காலமாகியிருந்தார் என்று பொருள்.

அஷ்கெனாஸி யூதர்கள், அதாவது மத்திய, கிழக்கு ஐரோப்பிய மரபினர், உயிரோடிருக்கும் உறவினரின் பெயரைக் குழந்தைக்கு வைப்பதில்லை. ஆகவே பேரனுக்குத் தாத்தாவின் பெயர் இருந்தால், பேரன் பிறப்பதற்கு முன்பே தாத்தா இறந்திருப்பார் என்று ஊகிக்கலாம். செஃபார்தி மரபினர், உயிரோடிருக்கும் தாத்தாவின் பெயரையே பேரனுக்கு வைப்பவர்கள் என்பதால், அவர்களது கற்களில் இந்த ஊகம் செல்லாது. ஸ்பெயினிலிருந்தும் போர்ச்சுகலிலிருந்தும் துரத்தப்பட்ட இவர்களது வழியினர் கற்களைப் படுக்கையாக வைப்பார்கள். அஷ்கெனாஸிகள் நிமிர்த்தி நாட்டுவார்கள். ஆம்ஸ்டர்டாமுக்கு அருகே அவுடர்கெர்க்கில் 1614-இல் தொடங்கிய போர்ச்சுகீசிய யூதர்களின் தோட்டத்தில், படுத்திருக்கும் பளிங்குக் கற்களில் விவிலியக் காட்சிகளே மனித உருவங்களோடு செதுக்கப்பட்டிருக்கின்றன. உருவம் செதுக்குவதை யூத சமயம் எங்கும் ஒருபோதும் ஏற்றதில்லை என்று நினைப்பவர்கள் அந்தக் கற்களைப் பார்க்க வேண்டும்.

இரட்டைப் பெயர்கள் வந்தால் குழம்ப வேண்டாம். யெஹூதா லெய்ப், நஃப்தாலி ஹிர்ஷ், பெஞ்சமின் வுல்ஃப் என்று வருபவற்றில் முதற்பெயர் எபிரேயம், இரண்டாவது அஷ்கெனாஸிகளின் பேச்சுமொழியான இத்திஷ். யாக்கோபு தன் மக்களை வாழ்த்தியபோது யூதாவைச் சிங்கமென்றும் நஃப்தாலியைப் பெண்மானென்றும் பெஞ்சமினை ஓநாயென்றும் சொன்னதாக ஆதியாகமம் 49-ஆம் அதிகாரம் கூறுகிறது. அந்த விலங்குகளின் இத்திஷ் பெயர்களே துணைப்பெயர்களாயின. கல்லின் மேற்பகுதியில் சிங்கமோ மானோ செதுக்கப்பட்டிருந்தால், எழுத்து அழிந்த நிலையிலும் பெயரை ஊகிக்க அது உதவும்.

'ஹகோஹென்' என்ற சொல் வந்தால் அவர் ஆரோனின் வழிவந்த குருக்கள் மரபினர். விரல்கள் பிரிந்த இரண்டு கைகள் மேலே செதுக்கப்பட்டிருக்கும். எண்ணாகமம் 6-இல் உள்ள ஆசீர்வாதத்தைச் சொல்லும்போது அவர்கள் கைகளைப் பிடிக்கும் விதம் அது. காஃப்-சாதே என்ற சுருக்கமும் இந்த மரபையே குறிக்கும். காட்ஸ் என்ற குடும்பப் பெயர் அதிலிருந்து வந்தது. 'ஹலேவி' என்றால் லேவி மரபினர். குருக்களின் கைகளுக்கு நீர் வார்ப்பவர்கள் என்பதால் அவர்களது கல்லில் குடுவை இருக்கும். குருக்கள் மரபினர் இறந்தவர்களால் தீட்டுப்படக் கூடாது என்பது லேவியராகமம் 21-இன் கட்டளை. அவர்களை வாசலுக்கோ மதிலுக்கோ பாதைக்கோ அருகில் அடக்கம் செய்வது பல தோட்டங்களில் வழக்கம். உறவினர்கள் உள்ளே நுழையாமலே நின்று வணங்க அது வழிசெய்கிறது. கைச்சின்னமுள்ள கற்களைத் தேடுபவர்கள் ஓரங்களிலிருந்து தொடங்கலாம்.

மற்றச் சின்னங்களை விரைவாகச் சொல்லிவிடலாம். மெழுகுவர்த்தித் தண்டு பெண்ணைக் குறிக்கும், ஷபாத் விளக்கேற்றுவது வீட்டுப் பெண்ணின் கடமை என்பதால். முறிந்த மரமோ கிளையோ இளவயதில் இறந்தவருக்கு. புத்தகங்கள் கற்றவருக்கு. கிரீடம் நற்பெயருக்கு.

நாள்

நாளைப் படிப்பதுதான் பலரும் தடுமாறும் இடம், ஆனால் அதில் கூட்டலைத் தவிர வேறெதுவுமில்லை. எழுத்துகளே எண்கள். ஆலெப், பேத், கிமெல், டாலெத், ஹே, வாவ், ஸயின், ஹெத், தெத் ஆகியவை 1 முதல் 9 வரை. யோத், காஃப், லாமெத், மெம், நூன், சாமெக், அயின், பே, சாதே ஆகியவை 10 முதல் 90 வரை. கோஃப் 100, ரேஷ் 200, ஷின் 300, தாவ் 400. பதினைந்தை 10+5 என்று எழுதாமல் 9+6 என்றும், பதினாறை 9+7 என்றும் எழுதுவார்கள். மற்ற வடிவங்கள் இறைவனின் பெயரைத் தொட்டுவிடும் என்பதே காரணம்.

ஆண்டு, உலகம் படைக்கப்பட்டதாக மரபு கொள்ளும் காலத்திலிருந்து எண்ணப்படுகிறது. கல்லில் பெரும்பாலும் ஆயிரத்தை விட்டுவிட்டு மீதியை மட்டும் எழுதி, பின்னால் லாமெத்-பே-கோஃப் என்ற சுருக்கத்தைச் சேர்ப்பார்கள். 'சிறு எண்ணிக்கைப்படி' என்று பொருள். எடுத்துக்காட்டாக தாவ், ரேஷ், நூன், வாவ் என்று இருந்தால் 400+200+50+6, அதாவது 656. முழு ஆண்டு 5656. இந்த மூன்றிலக்க எண்ணோடு 1240-ஐக் கூட்டினால் 1896 கிடைக்கும். யூத ஆண்டு திஷ்ரி மாதத்தில், செப்டம்பர் அல்லது அக்டோபரில் தொடங்குவதால், திஷ்ரி முதல் டிசம்பர் முடியும் வரையிலான நாட்களுக்கு 1239-ஐக் கூட்ட வேண்டும். அதே 656-ஆம் ஆண்டின் கிஸ்லேவ் மாதம் 1895-இல் வரும். சீவான் மாதம் 1896-இல் வரும். தேவேத் மாதம் டிசம்பர், ஜனவரிக்கு இடையே விழுவதால், அதற்கு மட்டும் நாள்காட்டி மாற்றியைப் பார்க்காமல் முடிவு சொல்லக் கூடாது.

பழைய எழுத்துகளில் நான்கு இணைகள் ஏமாற்றும். டாலெத்தின் வலது மேல் மூலை கூராக வெளியே நீட்டியிருக்கும், ரேஷின் மூலை வளைந்திருக்கும்; முன்னது 4, பின்னது 200. ஹேயின் இடது கால் மேற்கோட்டைத் தொடாமல் இடைவெளி விட்டு நிற்கும், ஹெத்தின் கால் தொட்டு நிற்கும். அந்த இடைவெளியில் பாசி அடைத்துக்கொண்டால் 5 என்பது 8 ஆகிவிடும். பேத்-காஃப், வாவ்-ஸயின் ஆகிய இணைகளும் அப்படியே. இவற்றைச் சரிபார்க்கச் சிறந்த வழி கிழமை. பல கற்களில் கிழமையும் இருக்கும், ஞாயிறு ஆலெப், திங்கள் பேத் என்ற வரிசையில். நீங்கள் கணக்கிட்ட தேதி கல் சொல்லும் கிழமையில் விழவில்லை என்றால், ஏதோ ஓர் எழுத்தைத் தவறாகப் படித்திருக்கிறீர்கள் என்று கொண்டு மீண்டும் கல்லிடம் போக வேண்டும். ஆனால் நகராட்சிப் பதிவேட்டிலிருந்து ஒரு நாள் மட்டும் வேறுபட்டால் அது பிழையாக இருக்க வேண்டியதில்லை. யூத நாள் சூரியன் மறையும்போதே தொடங்கிவிடுவதால், மாலையில் இறந்தவருக்கு அடுத்த நாளின் தேதி எழுதப்படும். ஆதார் மாதம் வந்தால், அது 19 ஆண்டுகளில் 7 முறை வரும் நெட்டாண்டா என்று பாருங்கள். அப்போது ஆதார் இரண்டு உண்டு.

ஏமனிலும் கேரளத்திலும் உள்ள சில கற்களில் வேறு ஆண்டுக் கணக்கு இருக்கும். கலியாண்டு, சக ஆண்டு, கொல்லம் ஆண்டு என்று பல கணக்குகள் பழகிய நமக்கு இது வியப்பாக இராது. கேரளத்தின் சேந்தமங்கலம் தொழுகைக்கூடத்தின் முன் நிற்கும் சாரா பத் இஸ்ராயேல் என்ற பெண்ணின் கல், இந்தியாவில் கிடைத்த எபிரேயக் கல்லறைக் கற்களிலேயே மிகப் பழையதாகக் கருதப்படுவது. அதில் ஆலெப், தாவ், கோஃப், பே, ஆலெப் என்ற எழுத்துகளில் 1581 என்ற ஆண்டும் கிஸ்லேவ் 24 என்ற நாளும் உள்ளன. முதல் ஆலெப் ஆயிரத்தைக் குறிக்கிறது. இது கி.மு. 312-இலிருந்து எண்ணப்படும் செலூக்கிய ஆண்டு. திஷ்ரி முதல் டிசம்பர் வரை 312-ஐயும் மற்ற மாதங்களுக்கு 311-ஐயும் கழிக்க வேண்டும் என்பதால், அந்த நாள் 1269-ஆம் ஆண்டில் விழுகிறது. தமிழ்நாட்டிலிருந்து எளிதில் போய்ப் பயிற்சி செய்யத் தக்க இடம் அது.

உடைந்த கற்கள்

நாஜிகள் போலந்திலும் பிற நாடுகளிலும் கல்லறைக் கற்களைப் பெயர்த்து சாலை போடப் பயன்படுத்தினார்கள். மீட்கப்பட்ட துண்டுகளைக் கொண்டு, கிராக்கோவில் ரெமு தொழுகைக்கூடத்தை ஒட்டிய தோட்டத்தில் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். துண்டுகளை வாசிக்கும்போது மேல் கீழ் வரிகளை நம்ப முடியாது. 'பென்', 'பத்' என்ற சொற்களையும் சின்னங்களையும் தேடுவதே வழி. பாதிப் பெயரும் ஒரு மாதமும் கிடைத்தால்கூட, எஞ்சிய பதிவுகளோடு ஒப்பிட்டு உரியவரைக் கண்டறியும் வாய்ப்பு உண்டு. போருக்குப் பிந்தைய கற்களில் பெயருக்குப் பின் ஹே-யோத்-டாலெத் என்ற மூன்றெழுத்துகளைக் கண்டால் நின்று படியுங்கள்: 'அவரது இரத்தத்திற்காக இறைவன் பழிவாங்குவாராக' என்பது அதன் பொருள், கொல்லப்பட்டவர்களுக்கு எழுதப்படுவது. உயிர் தப்பிய ஒருவரின் கல்லில், கல்லறையே இல்லாமல் போன பெற்றோர், உடன்பிறந்தோர், குழந்தைகள் ஆகியோரின் பெயர்களையும் கீழே சேர்த்திருப்பார்கள். அந்தப் பெயர்களையும் ஒன்றுவிடாமல் குறித்துக்கொள்ளுங்கள், ஏனெனில் அவர்களுக்கு வேறு கல் இல்லை.

குறிக்கும்போது, தெளிவாகத் தெரிந்த எழுத்தை அப்படியே எழுதி, ஐயமுள்ள எழுத்தின் கீழ் புள்ளி வைத்து, அழிந்த எழுத்துக்குக் கோடு போடுங்கள். ஊகத்தால் இட்டு நிரப்பாதீர்கள். கல்லின் முழுப் படம் ஒன்றும், ஒவ்வொரு வரிக்கும் நெருங்கிய படமும், பின்புறத்தின் படமும் எடுங்கள். பின்புறத்தில் ஜெர்மனிலோ ஆங்கிலத்திலோ குடும்பப் பெயர் இருக்கக்கூடும். வரிசை எண்ணையும் பக்கத்துக் கற்களின் பெயர்களையும் சேர்த்து, தோட்டத்தைப் பராமரிக்கும் சமூகத்திடமோ, உலகெங்கும் உள்ள யூதக் கல்லறைகளின் விவரங்களைத் திரட்டும் ஜூயிஷ்ஜென் பதிவேட்டிலோ சேர்ப்பியுங்கள்.