ஹோம் தியேட்டரில் டிஜிட்டல் கேபிளா, அனலாக் கேபிளா: எதை எங்கே மாட்டுவது?

பல கருவிகளின் ஒலியை வாங்கி ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் பெட்டியான ஹோம் தியேட்டர் ரிசீவரின் பின்பக்கத்தை முதன்முறை திருப்பிப் பார்ப்பவருக்கு மலைப்பு ஏற்படுவது இயல்பே. வரிசையாக ஹெச்.டி.எம்.ஐ. துளைகள், டிஜிட்டல் ஒலியை ஒளியாக வாங்கும் சதுரமான ஆப்டிகல் துளை, அதன் அருகிலேயே அதையே மின்கம்பி வழி வாங்கும் ஒற்றைக் கோஆக்சியல், கீழே சிவப்பும் வெள்ளையுமாக அனலாக் ஆர்.சி.ஏ. இணைப்புகள் என்று ஒலியை உள்ளே கொண்டுவர அத்தனை வழிகள் அங்கே இருக்கும். இவற்றில் எது உயர்ந்தது என்று கேட்பதைவிட, டிஜிட்டல் ஒலி எந்தப் பெட்டியில் அனலாக்காக மாறப்போகிறது என்று கேட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ஸ்பீக்கரை அசைக்க அனலாக் மின் அலைதான் வேண்டும் என்பதால், வட்டிலோ கோப்பிலோ எண்களாகக் கிடக்கும் ஒலி வழியில் ஓரிடத்தில் மாற்றப்பட்டே ஆக வேண்டும். அதைச் செய்யும் பகுதிக்கு டி.ஏ.சி. என்று பெயர். பிளேயரிலிருந்து சிவப்பு, வெள்ளைக் கேபிள்களை இழுத்தால் பிளேயருக்குள் இருக்கும் டி.ஏ.சி. வேலை செய்யும், ஹெச்.டி.எம்.ஐ. அல்லது ஆப்டிகல் வழியாக இழுத்தால் அந்த வேலை ரிசீவரின் டி.ஏ.சி.க்குப் போகும்.

படம் பார்ப்பதுதான் முதன்மையான நோக்கம் என்றால் அதிகம் யோசிக்காமல் ஹெச்.டி.எம்.ஐ.யை மாட்டிவிடலாம். 8 சேனல் ஒலியைச் சுருக்காமல் 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் வரை அது சுமக்கும். 2006இல் வந்த 1.3 பதிப்பு முதல் டால்பி ட்ரூ ஹெச்.டி., டி.டி.எஸ். ஹெச்.டி. மாஸ்டர் ஆடியோ ஆகிய, தரம் குறையாமல் சுருக்கப்பட்ட ப்ளூ-ரே ஒலித்தடங்களையும் பிரிக்காமல் அப்படியே ரிசீவருக்கு அனுப்ப முடிகிறது. ரிசீவருக்கு அவற்றைப் பிரிக்கத் தெரியாவிட்டாலும், அது பல சேனல் பி.சி.எம். (சுருக்கப்படாத டிஜிட்டல்) ஒலியை ஏற்குமானால், பிளேயரே பிரித்துப் பி.சி.எம். ஆக அனுப்பலாம், ஒலித்தரத்தில் இழப்பு எதுவும் இல்லை.

ஆப்டிகலும் கோஆக்சியலும் இரண்டு சேனல் ஒலியை மனத்தில் வைத்து உருவாக்கப்பட்டவை. அதற்குள் 5.1 ஒலியை, அதாவது ஐந்து ஸ்பீக்கர்களுக்கும் பேஸ் ஒலிக்கான ஒரு சப்வூஃபருக்கும் உரிய ஆறு சேனல்களை, நுழைக்க வேண்டுமானால் டால்பி டிஜிட்டல் அல்லது டி.டி.எஸ். முறையில் சுருக்கித்தான் ஆக வேண்டும். ஒரு சி.டி.யின் இரண்டு சேனல்களுக்கு நொடிக்கு 1,411 கிலோபிட் தேவைப்படும்போது, டி.வி.டி.யின் டால்பி டிஜிட்டல் ஆறு சேனல்களையும் 448 கிலோபிட்டுக்குள் அடக்கிவிடுகிறது என்பதிலிருந்து சுருக்கத்தின் அளவை ஊகிக்கலாம். ஆனாலும் ஹெச்.டி.எம்.ஐ. இல்லாத பழைய ரிசீவரை இதற்காகத் தூக்கிப்போட வேண்டியதில்லை. டி.டி.எஸ். ஹெச்.டி. மாஸ்டர் தடத்துக்குள் வழக்கமான டி.டி.எஸ். தடமும் பொதிந்திருப்பதால், பிளேயர் அதை மட்டும் பிரித்தெடுத்து ஆப்டிகல் வழியாக அனுப்பும். அதைக் கேட்டுக் குறை சொல்பவர்கள் மிகச் சிலரே.

ஆப்டிகலும் கோஆக்சியலும் ஒரே தகவலைத்தான் சுமக்கின்றன. கோஆக்சியலுக்கு 75 ஓம் கேபிள் வேண்டும். பழைய வீடியோ கேபிளின் மஞ்சள் முனையே போதும், தனியாக வாங்க வேண்டியதில்லை. ஆப்டிகல் கேபிளைச் சுவரோரம் மடித்து நெருக்கக் கூடாது. புதிய கேபிளின் இரு முனைகளிலும் நிறமற்ற சிறு பிளாஸ்டிக் மூடி இருக்கும். நான் ஒருமுறை அதைக் கழற்ற மறந்து மாட்டிவிட்டு, அரை மணி நேரம் டிவியின் மெனுவையும் ரிசீவரின் மெனுவையும் மாறி மாறித் துழாவிக்கொண்டிருந்தேன். டிவியில் மாட்டிய கேபிளின் மறுமுனையில் சிவப்பு வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு ரிசீவரில் செருகுவது அன்றிலிருந்து என் பழக்கமாகிவிட்டது.

டிவியின் செயலிகளிலேயே படம் பார்ப்பவர்கள் ஒலியை டிவியிலிருந்து ரிசீவருக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். 2009இல் ஹெச்.டி.எம்.ஐ. 1.4 பதிப்புடன் வந்த ஏ.ஆர்.சி. என்ற வசதி சுருக்கப்பட்ட 5.1 ஒலியை அனுப்பும்; 2017இல் 2.1 பதிப்புடன் வந்த இ.ஏ.ஆர்.சி. சுருக்காத பல சேனல் ஒலியையும் அனுப்பும். டிவியில் எல்லா ஹெச்.டி.எம்.ஐ. துளைகளுக்கும் இந்த வசதி இருக்காது, ஏ.ஆர்.சி. என்று அச்சிட்ட துளையில்தான் மாட்ட வேண்டும். மாட்டிய பிறகும் பின் ஸ்பீக்கர்கள் மௌனமாக இருந்தால் டிவியின் ஒலி அமைப்பைத் திறந்து பாருங்கள். அங்கே பி.சி.எம். தேர்வாகியிருந்தால் பல டிவிகள் இரண்டு சேனலை மட்டுமே அனுப்பும். அதைப் பிட்ஸ்ட்ரீம் (பிரிக்காமல் அப்படியே அனுப்புவது) அல்லது ஆட்டோ என்று மாற்றியதும் ரிசீவரின் முகப்புத் திரையில் டால்பி டிஜிட்டல் என்ற எழுத்துகள் தோன்ற வேண்டும்.

அப்படியானால் அனலாக் எதற்கு என்ற கேள்வி எழும். இசைத்தட்டுச் சுழற்றிக்குப் பொதுவாக வேறு வழி இல்லை. அதன் முள்ளிலிருந்து வரும் மின் அலை சில மில்லிவோல்ட் அளவே என்பதால், அதை ஃபோனோ என்று குறித்த துளையில் மாட்டி, எர்த் கம்பியையும் ரிசீவரின் திருகில் இணைக்க வேண்டும். ரிசீவரிலிருந்து சப்வூஃபருக்குப் போவதும் பெரும்பாலும் ஒற்றை அனலாக் கேபிள்தான். எஸ்.ஏ.சி.டி., டி.வி.டி. ஆடியோ ஆகிய இசை வட்டுகளின் உயர்தரப் பல சேனல் ஒலியை ஆப்டிகல் சுமக்காது என்பதால், அந்தக் காலத்துப் பிளேயர்களில் ஆறு ஆர்.சி.ஏ. துளைகளை வைத்தார்கள்.

சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. பல ரிசீவர்கள் இந்த ஆறு சேனல் அனலாக் உள்ளீட்டை எதுவும் செய்யாமல் நேரே ஆம்ப்ளிஃபையருக்கு அனுப்பிவிடுகின்றன. சிறிய ஸ்பீக்கர்களின் பேஸ் ஒலியைச் சப்வூஃபருக்குத் திருப்பிவிடுவது, ஸ்பீக்கர்களின் தூரத்துக்கேற்பத் தாமதத்தைச் சரிசெய்வது, மைக் வைத்து அளந்து அறைக்கேற்ப ஒலியைச் சரிசெய்யும் அறைத் திருத்தம் ஆகிய எதுவும் அப்போது வேலை செய்யாது. பேஸையும் தூரத்தையும் பிளேயரின் மெனுவிலேயே அமைக்க வேண்டியிருக்கும். இரண்டு சேனல் அனலாக்கில் நிலைமை வேறு. அறைத் திருத்தம் இயங்கினால் ரிசீவர் அந்த ஒலியை மறுபடி டிஜிட்டலாக்கி, திருத்தி, மீண்டும் அனலாக்காக்கும். நல்ல டி.ஏ.சி. உள்ள பிளேயரைப் பணம் கொடுத்து வாங்கி அனலாக்கில் இணைத்திருப்பவர், இந்தத் திருத்தத்தைத் தவிர்க்கும் டைரக்ட் என்ற பொத்தானை அழுத்தாவிட்டால் அந்தச் செலவின் பெரும்பகுதி வீண்தான்.

அனலாக் இணைப்பில் தாழ்ந்த இரைச்சல் விடாமல் கேட்டால், இரு கருவிகள் வெவ்வேறு எர்த் இணைப்பில் இருப்பது காரணமாக இருக்கலாம். ஒவ்வொரு கேபிளாகக் கழற்றி எதில் நிற்கிறது என்று கண்டுபிடித்து, முடிந்தால் அந்தக் கருவியை ஆப்டிகலுக்கு மாற்றுங்கள்; ஒளி மட்டுமே கடப்பதால் அந்த வழியில் மின்தொடர்பு அறுந்துவிடும். பிளக்கின் எர்த் இணைப்பைத் துண்டிப்பது உயிருக்கு ஆபத்து. அதை ஒருபோதும் செய்யாதீர்கள்.

இன்னும் ஐயம் இருந்தால் ஒரே பிளேயரை இரு வழிகளிலும் இணைத்து ஒப்பிடலாம். முதலில் இரண்டின் ஒலியளவையும் போனில் உள்ள அளவீட்டுச் செயலியால் சமமாக்குங்கள், ஏனெனில் சற்றே உரக்க ஒலிப்பது காதுக்குச் சிறந்ததாகவே படும். எது எந்த உள்ளீடு என்று சொல்லாமல் வீட்டில் ஒருவரை ரிமோட்டில் மாற்றச் சொல்லிக் கேளுங்கள். வேறுபாடு பிடிபடவில்லை என்றால் அனலாக் கேபிள்களைக் கழற்றிவிடலாம். ரிசீவரின் பின்புறத்தில் தூசி துடைக்கவாவது கை நுழையும்.