எல்லா மதத்தாரும் சேர்ந்து ஒரு பந்தி போட

இரக்கத்தைப் பற்றிக் கருத்தரங்கெல்லாம் அப்புறம் வைத்துக்கொள்ளலாம், முதலில் அடுப்பை மூட்டுங்கள். கடலூர்க்காரர்களுக்கு இது புதிதில்லை. 1867-ல் வடலூர் தருமச்சாலையில் வள்ளலார் காலத்தில் மூட்டிய அடுப்பு இன்னும் அணையாமல் எரிகிறது, பந்தியில் உட்காருகிறவரிடம் சாதியோ மதமோ யாரும் கேட்பதில்லை. 2004 சுனாமியின்போது பரங்கிப்பேட்டை முஸ்லிம் ஜமாஅத்தார் மீனவக் குடும்பங்களுக்குச் சோறாக்கிப் போட்டார்கள்.

சரி, எப்படித் தொடங்குவது? கோயில், பள்ளிவாசல், தேவாலயம் மூன்றிலிருந்தும் இரண்டிரண்டு பேரைக் கூப்பிடுங்கள், அதில் கூட்டத்துக்குச் சமைத்துப் பழகிய அக்கா ஒருவராவது இருக்கட்டும். சைவச் சாப்பாடே வையுங்கள், யாருக்கும் தயக்கம் வராது. வெள்ளி மதியம் பள்ளிவாசலில் ஜும்ஆ தொழுகை, ஞாயிறு காலை தேவாலயத்தில் பூசை, அதனால் சனிக்கிழமைதான் வசதி. ரமலான் மாதமென்றால் நோன்பு திறக்கும் நேரத்துக்கு மாற்றிவிடுங்கள்.

பரிமாறும்போது ஆட்களைக் கலந்து நிறுத்துவதுதான் முக்கியம்: சோற்றுக் கரண்டி ஒருவர் கையில் என்றால், சாம்பார் வாளி வேறு மதத்துக்காரர் கையில், இலை எடுப்பதும் அப்படியே. மேடை, மாலை, பேனரில் முகம், மதப் பிரசார நோட்டீஸ் எதுவும் கூடாது, இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். சோறு மிஞ்சினால் அரசு மருத்துவமனையில் நோயாளிகளுக்குத் துணைக்கு இருப்பவர்களிடம் சூடு ஆறுவதற்குள் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.